அறுநூறு சமோசாவுக்கு ஒரு நாக்கு

மன்னாரில் இரண்டு பேரை எதிர்த்து யாரும் நிற்க முடியாது. ஒன்று சோளகக் காற்று. மற்றது உப்புக்குளத்தில், பைறூஸ் நானாவின் கடையில், பொரிக்கும் மெசினுக்கு முன்னால் நிற்கிற அன்ரோனெற் அக்கா. காற்றாவது வருசத்தில் சில மாதம் ஓய்வெடுக்கும்.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது பேசாலை. படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி வருசம் கருவாடு காயப்போட்டதில் போய்விட்டது. கணவர் கொன்ஸ்ரன்ரைன் கடலுக்குப் போகிறவர். அவர் பிடித்த மீனின் நீளத்தைக் காட்டத் தன் இரண்டு கையும் போதாமல், பக்கத்தில் இருப்பவரின் கையையும் கேட்டு வாங்குவார். அந்த வீட்டில் உண்மை பேசுகிற பொறுப்பு முழுவதும் அக்காவின் தலையில்தான் விழுந்தது. அதை அவர் கொஞ்சம் சத்தமாகவே செய்து வந்தார்.

முந்திய காலத்தில் அக்கா கோயில் திருநாளுக்குத் தாச்சியில் மீன் அடைத்த பற்றிஸ் பொரிப்பார். அந்தப் பற்றிஸுக்கு நின்ற வரிசையின் தலை பேசாலைக் கோயில் வாசலில் இருந்தால் வால் தலைமன்னாரில் இருக்கும். வாலில் நின்றவர்கள் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் விடுகிறார்கள் என்று நினைத்துப் பெட்டி படுக்கையோடு நின்றதாகவும் ஒரு கதை உண்டு. அந்த வரிசையில் ஒரு நாள் பைறூஸ் நானாவும் நின்றார். ஒரு கடி கடித்தார். அடுத்த கிழமை அக்கா அவரின் கடையில் வேலைக்கு வந்துவிட்டார்.

மூன்று வருசத்துக்கு முன்னர், கொழும்பில் மூடப்பட்ட ஒரு ஹோட்டலில் இருந்து நானா அந்த மெசினை வாங்கினார். மீன் ஏற்றிப்போன லொறி திரும்பி வரும்போது அதில் ஏறி வந்தது. பளபளவென்ற இரும்புத் தொட்டி, இருபத்தைந்து லீற்றர் எண்ணெய் பிடிக்கும். கீழே அலுமாரி மாதிரிக் கதவு. கதவைத் திறந்தால் காஸ் குழாயும் எண்ணெய் வடிக்கிற பைப்பும். முன்னால் ஒரு திருகு. அக்கா அதைச் சுற்றி மூன்று தரம் நடந்து, புது மருமகளைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார்.

"நெருப்பு எங்க நானா?"

"உள்ளுக்க இருக்கு."

"நெருப்பை ஒளிச்சு வச்சுச் சமைக்கிறதோ? களவெடுத்த கோழியைத்தான் அப்பிடிச் சமைக்கிறவை."

ஆனால் ஒரு மாதத்தில் அந்த மெசின் அக்காவின் கைக்குள் வந்துவிட்டது. காலையில் திருகை அமத்திப் பிடித்து, சின்னச் சுவாலையைப் பற்றவைத்து, அது நிலைத்து நிற்குமட்டும் கையை எடுக்கக்கூடாது. நாற்பது வரை எண்ணச் சொல்லிவிட்டுப் போனான் மெசினைப் பூட்ட வந்த கொழும்பு ஆள். அக்கா எண்ணவில்லை. இரண்டு தரம் அருள்நிறைந்த மரியே செபம் சொன்னார். சுவாலை நின்றது. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு. உழுந்து வடைக்கு எட்டு, ரோல்ஸுக்கு ஒன்பது, சமோசாவுக்குப் பத்து.

"ஏன் அன்ரோனெற், மெசினிலயே நம்பர் போட்ட ரைமர் இருக்கே?" என்று நானா ஒரு நாள் கேட்டுப் பார்த்தார்.

"அது கொழும்பு நேரம் காட்டுது நானா."

நானா அதற்குப் பிறகு கேட்கவில்லை. சமோசா பொன்னிறமாக வருகிற வரைக்கும் யார் எதைச் சொல்லிப் பொரித்தால் என்ன என்று விட்டுவிட்டார்.

அக்காவின் சட்டங்கள் நாட்டுச் சட்டத்தைவிடக் கடுமையானவை. கூடையில் ஐம்பதுக்கு மேல் போடக்கூடாது. ஈரக்கையோடு மெசினுக்குக் கிட்ட வரக்கூடாது, வந்தால் கையோடு திரும்பிப் போவது நிச்சயமில்லை. திங்கட்கிழமை தோறும் காஸ் குழாய்ப் பூட்டில் சவுக்கார நுரை தடவி, காற்றுக் குமிழி விடுகிறதா என்று டொக்ரர் மாதிரிக் காது வைத்துப் பார்ப்பார். கடை மூட முதல் எண்ணெயை வடித்து, துணியில் வடிகட்டி, அடியில் கிடக்கிற கருகலை அள்ளி எறிவார். இதெல்லாம் சரி. எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று இருந்தது: ஒவ்வொரு நாளும் முதல் துண்டு அக்காவின் வாய்க்கு. அந்த நாக்கு தலையசைத்தால்தான் மற்றது விற்பனைக்கு.

அந்த நாக்கைப் பற்றி ஊரில் பெரிய பேச்சு. எண்ணெய் எத்தனை நாள் பழசு என்று சொல்லும். வெங்காயம் அடம்பனோ தம்புள்ளையோ என்று சொல்லும். வெங்காயம் உரித்தவருக்கும் மாமியாருக்கும் அன்று காலை சண்டையா இல்லையா என்றுகூடச் சொல்லும் என்கிறார்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் அக்கா செய்ததில்லை. தொட்டியின் உள்பக்கத்தைப் பவுடர் போட்டுக் கொதிக்கவைத்துக் கழுவியதில்லை. துணியால் துடைப்பதோடு சரி. "சவுக்காரம் பட்டால் ருசி ஓடிப்போயிடும்" என்பது அவரின் வேதவாக்கு. மூன்று வருசத்தில் தொட்டிச் சுவரில் தேன் நிறத்தில் ஒரு பிசின் ஏறி, அதில் ஒரு ஈ உட்கார்ந்தால் அதன் பேரப்பிள்ளைகள்தான் வந்து எடுத்துப்போக வேண்டும் என்ற நிலை.

அப்போதுதான் றிஸ்வி வந்தான். நானாவின் தங்கச்சி மகன். இருபத்தெட்டு வயது, கலியாணம் முடித்தவன். கொழும்பில் ஹோட்டல் வேலை படித்து, சேர்ட்டிபிக்கற்றைப் பிளாஸ்ரிக் போட்டு வந்து, கடைச் சுவரில் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். படத்தைவிடச் சேர்ட்டிபிக்கற் பெரிது. வந்த மூன்றாம் நாள் தொட்டிக்குள் விரலை விட்டான். விரல் திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அன்ரி, இது மெசினா, பலாப்பழமா?"

"தம்பி, உமக்கு மீசை முளைக்க முதல் நான் பொரிக்கத் தொடங்கினனான்."

"அப்ப தொடங்கின எண்ணெய்தான் இது போல. மாசம் ஒருக்காப் பவுடர் போட்டுக் கொதிக்க வைக்கவேணும் எண்டு புத்தகத்தில இருக்கு. கழுவாம விட்டா எண்ணெய் கெதியாக் கறுக்கும், புகைக்கும், நெருப்பும் பிடிக்கும்."

"புத்தகம் எழுதினவன் சமோசா திண்டவனோ?"

இப்படி ஒரு மாதம் இழுபட்டது. மெசினுக்கு ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் றிஸ்வி, நடுவில் எண்ணெய் கொதித்தது. நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசலில் நோன்பு திறக்க, ஒரு வெள்ளிக்கிழமைக்கு அறுநூறு சமோசா கேட்டார்கள். நன்றாக இருந்தால் மிச்ச நோன்புக்கும் இந்தக் கடைதான் என்றும் சொன்னார்கள். நானா இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தித் தீர்ப்புச் சொன்னார்.

"வெள்ளி காலம மெசினைப் புத்தகத்தில இருக்கிற மாதிரிக் கழுவுங்க, அன்ரோனெற். நீங்களே கழுவுங்க. பின்னேரம் நீங்களே பொரிங்க. ஒரு முறைப்பாடு இல்லாம அறுநூறும் போனா மெசின் உங்கட. அதுக்குப் பிறகு றிஸ்வி வாய் திறக்கமாட்டான். ஒரு முறைப்பாடு வந்தா, சனிக்கிழமையில இருந்து மெசினில றிஸ்வி, நீங்க வெங்காயம்."

வெங்காயம்! கரைவலைக்குத் தலைமை தாங்கினவரைக் கருவாட்டுக்கு ஈ ஓட்டச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் அக்கா நிமிர்ந்து, "ஓம் நானா, பாப்பம்" என்றார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வருசம் முஸ்லிம்களின் நோன்பும் கத்தோலிக்கரின் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. தவக்காலம் தொடங்க முதல் கோயில் மாதர் சங்கத்தில் யார் எதை ஒறுக்கிறார்கள் என்று கதை வந்தது. ஒருத்தி இறைச்சி என்றாள். ஒருத்தி சீனி என்றாள். ஒருத்தி நாடகம் பார்ப்பதை விடுகிறேன் என்றதும் எல்லோரும் "ஆ!" என்றார்கள். அந்த "ஆ" அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார்.

"நாற்பது நாளும் எண்ணெயில பொரிச்ச ஒண்டும் இந்த நாக்கில படாது!"

சங்கமே வாயடைத்துப்போனது. வீட்டில் கொன்ஸ்ரன்ரைன்தான் வாயைத் திறந்தார்.

"இஞ்சேரும், நான் இனித் தண்ணியைத் தொடாமல் மீன் பிடிக்கப்போறன் எண்டு சொன்ன மாதிரியெல்லோ இருக்கு."

"நீங்கள் தொட்டே பிடிக்கிறேல்ல. பேசாமல் இருங்கோ."

அந்தக் கணத்தில் அக்கா தன் நாக்கை நாற்பது நாளைக்கு ஒறுத்துவிட்டார். முதல் இரண்டு கிழமையும் கஷ்டம் தெரியவில்லை. பழைய எண்ணெய், பழைய கை. கண்ணும் மூக்கும் போதும்.

வெள்ளிக்கிழமை வந்தது.

காலையில் அக்கா புத்தகத்தையே வெட்கப்படவைத்தார். காஸை மூடினார். முதல் நாள் எண்ணெயை வடித்தார். கோடு மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, பவுடர் போட்டு, குறைந்த நெருப்பில் அரை மணித்தியாலம் பக்கத்திலேயே நின்று கொதிக்கவைத்தார். நீளப் பிடித் தும்புத்தடியால் உரஞ்சினார். வெளியே வந்த தண்ணீரைப் பார்த்து அவரே சிலுவை போட்டுக்கொண்டார். அது தண்ணீர் இல்லை, மூன்று வருசத்துச் சரித்திரம். கீழே வெள்ளிக் கிண்ணம் மாதிரித் தொட்டி மின்னியது. "பரவாயில்லை, வடிவாத்தான் இருக்கிறாய்" என்று யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

இனி நல்ல தண்ணீரால் இரண்டு தரம் கழுவி, மூன்றாம் தரம் வினாகிரி கலந்து அலசி, ஒரு துளி ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். பைப்பைத் திறந்தார். பைப் ஒரு தரம் இருமியது. இரண்டு சொட்டு விட்டது. நின்றுவிட்டது.

பதினொன்றரை மணி. நானாவும் றிஸ்வியும் ஜும்ஆத் தொழுகைக்கு வெளிக்கிட்டுப் போய்விட்டார்கள். பைப்பில் தண்ணீர் இனிப் பின்னேரம்தான். கடைக்குப் பின்னால் கிணறு இருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சவுக்காரம் நுரைக்காது, தேநீர் போட்டால் கடல் அலை அடிக்கிற சத்தம் கேட்கும். "நல்ல தண்ணி, அன்ரி, நல்ல தண்ணி" என்று றிஸ்வி இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

அக்கா கிணற்றை எட்டிப் பார்த்தார். தன்னைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியில குளிச்சு வளந்த நாங்கள் கறள் பிடிச்சமோ? நாலு பிள்ளையை இதிலதானே கழுவி எடுத்தனான். இந்தத் தகரத்துக்கு மட்டும் என்ன பெரிய தோல்?"

கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசினார். வினாகிரியும் விட்டார். துடைத்தார். உள்ளே கடையின் பின்பக்கத்தில் உம்மு ஸல்மா சமோசா மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருசமாக அங்கே வேலை. கை மட்டும்தான் பேசும். அந்த இரண்டு வருசத்தில் அவள் வாயால் சொன்ன சொற்களை எல்லாம் சேர்த்தால் ஒரு சமோசாவுக்குள் மடித்துவிடலாம். அக்கா அலசுவதை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த தோலை மடித்தாள்.

மூன்றரை மணிக்கு அக்கா புது எண்ணெய்த் தகரத்தை உடைத்து ஊற்றி, மெசினைப் பற்றவைத்தார். சூடு ஏறியது. மடித்து மிஞ்சின சமோசாத் தோல் துண்டுகளில் ஒரு பிடியை அள்ளி, சோதனைக்குப் போட்டார்.

எண்ணெய் நுரைத்தது. கொஞ்ச நுரை இல்லை. சோளகம் நேரம் கரையில் அடிக்கிற வெள்ளை நுரை. தொட்டி விளிம்புக்கு வந்து, வெளியே வரவா வேண்டாமா என்று அக்காவைப் பார்த்தது. அக்கா உடனே நெருப்பைக் குறைத்தார். நுரை தணிந்தது. துண்டுகளை வடித்து எடுத்தார். பார்வைக்குப் பொன் மாதிரி இருந்தன.

அக்கா ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுரை எதில் வரும்? சவுக்காரத்தில் வரும். பவுடர் தொட்டியில் மிஞ்சிவிட்டது. இருநூறு பேர் நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, பாங்கு கேட்டு, முதல் கடி கடிக்க, வாயில் சவுக்காரம்! இல்லை, அப்படி ஒன்றும் இல்லை என்றால் சும்மா எண்ணெயை வீணாக்குவதா? கிணற்றுத் தண்ணீர்க் கதையையும் சொல்லி, வெங்காயத்துக்குப் போய் உட்காருவதா? எதுவென்று அறிய ஒரே வழிதான். யாராவது ஒருவர் ஒரு துண்டைக் கடிக்க வேண்டும். கையில் துண்டு இருந்தது. தலைக்குள் மாதர் சங்கம் முழுவதும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வாய் வேண்டும். மன்னாரில் வாய்க்கா பஞ்சம்?

அடம்பனில் இருந்து உருளைக்கிழங்கு கொண்டுவருகிற சுபாஸ்கரனின் ஓட்டோ வாசலில் வந்து நின்றது. அக்கா பாய்ந்து போனார்.

"சுபாஸ், ஒரு துண்டு திண்டு பார் ராசா."

"ஐயோ அக்கா, இண்டைக்கு வெள்ளி. விரதம். காலம இருந்து பச்சத்தண்ணிதான்."

"இது வெறும் மாத்துண்டுதானே! இறைச்சி தொடேல்ல."

"விரதத்துக்கு மாவும் இறைச்சியும் ஒண்டுதான் அக்கா. ஏன், நீங்கள் தின்னுங்கோவன்."

"நான் நேர்ந்திருக்கிறன்."

"பைறூஸ் நானா?"

"நோன்பு."

"கொன்ஸ்ரன்ரைன் அண்ணை?"

"அவரின்ர நாக்கு வெத்திலையில செத்து இருபது வருசம். பேற்றோலைக் குடுத்தாலும் இன்னும் கொஞ்சம் எண்டு கேப்பார்."

சுபாஸ்கரன் கிழங்கு மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தான். "அப்ப இந்த ஊரில இண்டைக்கு வாயே இல்லை அக்கா. எல்லாம் சாமிக்குக் குடுத்தாச்சு."

அவன் பகிடிக்குச் சொன்னாலும் கணக்கு அதுதான். தெருவின் இந்தப் பக்கம் நோன்பு, அந்தப் பக்கம் தவக்கால வெள்ளி உபவாசம், அடம்பனில் இருந்து வருவது விரதம். மன்னார்த் தீவு முழுவதும் ஒரே நேரத்தில் புண்ணியவான்களாகிவிட்ட ஒரு வெள்ளிக்கிழமையில் அக்காவுக்கு ஒரே ஒரு பாவி தேவைப்பட்டது.

சந்தியில் ஒரு கடற்படைச் சிப்பாய் நின்றான். காலியோ மாத்தறையோ ஏதோ ஊர். அக்கா மூன்று துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போய், "மாத்தயா, கன்ன" என்று சிங்களத்தில் சாப்பிடச் சொல்லி நீட்டினார். அவன் இரண்டை எடுத்து ஒன்றாக வாய்க்குள் போட்டான். அக்கா அவன் முகத்தை, கடவுச்சீட்டுப் பார்க்கிற அதிகாரி மாதிரிப் பார்த்தார்.

"ஹரி ரஹய் அம்மே!" என்றான். நல்ல ருசியாம். கையை நீட்டினான். "தவ எகக்." இன்னும் ஒன்று வேண்டுமாம்.

அக்காவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு போய்விட்டது. முகாமில் மூன்று வேளையும் பருப்பும் சோறும் தின்கிறவனுக்குச் செருப்பைப் பொரித்துக் கொடுத்தாலும் ஹரி ரஹய்தானே. மிஞ்சிய துண்டைக் கடதாசியோடு கையில் வைத்து யோசித்துக்கொண்டு நிற்க, பின்னால் ஒரு கழுதை வந்து அதைக் கவ்வியது. துண்டைத் தின்றது. கடதாசியையும் தின்றது. இரண்டுக்கும் ஒரே முகம்தான். மன்னார்க் கழுதையைச் சாட்சிக்குக் கூப்பிட்டு எந்த வழக்கும் தீர்ந்ததில்லை.

நாலரை மணிக்கு அக்கா கடைக்குத் திரும்பினார். நானாவும் றிஸ்வியும் வந்து நின்றார்கள். மடித்த அறுநூறும் தட்டுகளில் படையணி மாதிரி நின்றன. சுபாஸ்கரன் போகவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க ஓட்டோவிலேயே சாய்ந்திருந்தான்.

"என்ன அன்ரோனெற், தொடங்கேல்லையா? நேரம் போகுது."

இப்போது அக்கா கூடையைத் தூக்கி எண்ணெயில் இறக்கியிருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. நெருப்பைக் குறைத்துப் பொரித்தால் நுரையும் அடங்கியே இருக்கும். நாக்கும் காப்பாற்றப்படும், மெசினும் கிடைக்கும். அவர் கூடையைப் பிடித்தார். விட்டார். திரும்பவும் பிடித்தார்.

பிறகு கூடையை வைத்துவிட்டு, மாத்துண்டு ஒன்றை எடுத்து, பெரிதாகச் சிலுவை போட்டார்.

"மாதாவே, நாற்பதில பதினாறு நாள் இருந்திட்டன். மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

கடித்தார். மென்றார். கண்ணை மூடினார். ஊரே அறிந்த அந்த நாக்கு, பதினாறு நாளைக்குப் பிறகு தீர்ப்புச் சொல்லப்போகிறது. நானாவும் றிஸ்வியும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

"சவுக்காரம்!" என்று அக்கா அலறினார். கதிரையில் இருந்துவிட்டார். "சவுக்காரம்தான் நானா! பைப் தண்ணி நிண்டுபோச்சு. நான் கிணத்துத் தண்ணியில கழுவினனான். பவுடர் போகேல்ல. நான்தான், என்ர திமிர்தான். எண்ணெயை வெளியில ஊத்துங்கோ. மெசினைத் தம்பிட்டக் குடுங்கோ. இதை ஒருத்தருக்கும் குடுக்கேலாது."

கண்ணீர் வந்தது. வெங்காயம் இல்லாமல் அக்கா அழுததை அந்தக் கடையில் முதல் தரம் பார்த்தார்கள். றிஸ்வி என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தைத் திறந்தான்.

"மாமா, இதில நுரைச்சா எண்டு ஒரு பக்கம்..."

"புத்தகத்தை மூடு."

அப்போது பின்பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று கண்டுபிடிக்க எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சவுக்காரம் இல்ல அக்கா. உப்பு."

உம்மு ஸல்மா வாசலில் நின்றாள். கையில் மா.

"உனக்கெப்பிடித் தெரியும் புள்ள? நீ நோன்பெல்லோ?" என்றார் அக்கா.

"அப்பவே ஒரு துண்டு நாக்கு நுனியில வச்சுப் பார்த்துத் துப்பிட்டன். வாயும் கொப்பளிச்சன். சமைக்கிற ஆளுக்கு அதுக்கு மார்க்கத்தில இடமிருக்கு. தேவைக்குப் பார்க்கலாம், உள்ள போகாட்டிச் சரி. ஒவ்வொரு நாளும் மசாலாவுக்கு உப்பு அப்பிடித்தானே பார்க்கிறன்."

எல்லோரும் நானாவைப் பார்த்தார்கள். நானா தொண்டையைச் செருமினார். "ஓம்... அது இருக்குத்தான்" என்றார், மறந்துபோனதைக் காட்டிக்கொள்ளாத குரலில்.

"அப்ப ஏன்டி என்னட்டச் சொல்லேல்ல?" அக்கா எழும்பிவிட்டார். "நான் தெருத்தெருவா நேவிக்காரனுக்கும் கழுதைக்கும் தீத்திக்கொண்டு திரியிறன்!"

"என்னட்ட ஆரும் கேக்கல்லையே அக்கா."

நானாவும் றிஸ்வியும் தரையைப் பார்த்தார்கள். எண்ணெய்கூடக் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது.

ஆனால் அக்கா விடுகிற ஆளா? உப்பாம்! அவர் நாக்கு சவுக்காரம் என்று சொல்ல, இன்னொரு நாக்கு உப்பு என்பதா? ஒறுத்தல் எப்படியும் போய்விட்டது. இன்னொரு துண்டை எடுத்தார். இந்தத் தரம் மெதுவாக மென்றார். இன்னொன்று. மூன்றாவது. அக்காவின் முகத்தில் இருந்த வீறாப்பு ஒவ்வொரு நரம்பாக இறங்கியது. பொய் சொல்ல வீட்டில் வேறு ஆள் இருந்தபடியால் அவர் பழகியிருக்கவில்லை.

"...உப்புத்தான்" என்றார். "பயத்தில சவுக்காரமாத் தெரிஞ்சிருக்கு."

இப்போது றிஸ்வி புத்தகத்தைத் திறந்ததை நானா தடுக்கவில்லை. உப்போ பவுடரோ எது மிஞ்சினாலும் எண்ணெய் நுரைக்கும், கெதியாகக் கெடும், நல்ல தண்ணீரில் திரும்பக் கழுவு என்றுதான் இருந்தது. மணி நாலே முக்கால். பள்ளிவாசல் தாங்கியில் நல்ல தண்ணீர் இருந்தது. சுபாஸ்கரனின் ஓட்டோவில் றிஸ்வி தண்ணீர்க் கான்களோடு ஏறினான். பச்சத்தண்ணி விரதக்காரன் ஓட்ட, நோன்புக்காரன் கானைப் பிடிக்க, அந்த ஓட்டோ போன வேகத்தில் பெரியகடைத் தெருவில் ஒரு சேவல் தன் இறகில்லாமல் நின்றதாகச் சொல்கிறார்கள்.

அக்கா காஸை மூடி, எண்ணெயை வடித்தார். கை படுகிற சூட்டுக்குத் தொட்டி ஆறுமட்டும் தட்டால் விசிறிக்கொண்டு நின்றார். நல்ல தண்ணீரில் கழுவினார்கள். அக்கா துடைக்க, றிஸ்வி திரும்பத் துடைக்க, நானா தன் சால்வையைக் கழற்றிக் கொடுத்து, மூலையில் இருந்த கடைசி ஈரத்தையும் எடுத்தார்கள். புதுத் தகரம் உடைத்தார்கள். ஐந்தரைக்குத் துண்டு போட்டார்கள். நுரை இல்லை. மாரி முடிந்து தெளிந்த குளம் மாதிரி எண்ணெய் தெளிவாகக் கிடந்தது. அக்காவின் கை, பழக்கத்தில், துண்டை நோக்கி நீண்டது. அதற்குள் உம்மு ஸல்மா எடுத்துவிட்டாள். நாக்கில் வைத்தாள், துப்பினாள், கொப்பளித்தாள்.

"போடுங்க."

அறுநூறும் பாங்குக்குப் பத்து நிமிடம் இருக்கப் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தன. கடைசி நூறு ஓட்டோவுக்குள்ளேயே வெந்தன என்று சுபாஸ்கரன் இன்றைக்கும் சொல்கிறான், நம்புகிறவர்கள் நம்பலாம். முறைப்பாடு ஒன்றுகூட வரவில்லை. மிச்ச நோன்புக்கும் கடைக்கே சொல்லிவிட்டார்கள். ஒரு மாமா மட்டும், "சமோசா ஏன் இவ்வளவு துப்பரவா இருக்கு, கடை கைமாறிப்போச்சா?" என்று கேட்டாராம்.

சனிக்கிழமை காலையில் அக்கா வெங்காயச் சாக்குக்குப் பக்கத்தில் கத்தியோடு உட்கார்ந்திருந்தார்.

"இஞ்ச என்ன செய்றீங்க?" என்றார் நானா.

"பேச்சுப் பேச்சுத்தானே நானா. கிணத்துத் தண்ணி என்ர பிழை."

"முறைப்பாடு வந்தாத்தான் எண்டு சொன்னன். வரேல்ல. எழும்புங்க."

எழும்பினார். ஆனால் நானா அதோடு நிறுத்தவில்லை. ஒரு ஆள் செய்த வேலையை மூன்றாக வெட்டினார். கழுவுகிறது றிஸ்வியின் புத்தகப்படி. பொரிக்கிறது அன்ரோனெற்றின் கை. ருசி பார்க்கிறது உம்மு ஸல்மா.

"நோன்பு முடியுமட்டுமோ?" என்று அக்கா கேட்டார்.

"தவக்காலம் முடியுமட்டும் நாக்கை ஒறுக்கிறதா நீங்கதானே சங்கத்தில சொன்னீங்க. பிறகும் பார்ப்பம். ரெண்டு நாக்குக்கும் ஒரு போட்டி வச்சாச்சே, முடிவும் தெரியுமே."

அக்கா பாவசங்கீர்த்தனம் செய்து, விட்ட இடத்தில் இருந்து ஒறுத்தலைத் தொடர்ந்தார். மாதர் சங்கத்திலும் தானே எழுந்து சொன்னார். நாடகத்தை ஒறுத்தவள், தானும் இரண்டு தரம் பக்கத்து வீட்டில் பார்த்ததாக ஒத்துக்கொண்டாள்.

இப்போது ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கடையில் ஒரு காட்சி நடக்கிறது. அக்கா முதல் கூடையை வடித்து, ஒரு துண்டைத் தட்டில் வைத்து, பின்பக்கம் கொண்டுபோய் நீட்டுவார். உம்மு ஸல்மா மாக்கையைத் துடைப்பாள், அவசரப்படமாட்டாள். துண்டை நாக்கு நுனியில் வைப்பாள். மேலே கூரையைப் பார்ப்பாள். ஒரு ஆயர் மறையுரைக்கு யோசிக்கிற நேரம் யோசிப்பாள். நோன்பு முடிந்துவிட்டாலும் பழக்கத்தில் துப்புவாள். கொப்பளிப்பாள். அவ்வளவு நேரமும், சோளகக் காற்றுக்கு நிகராக நின்ற அன்ரோனெற் அக்கா, சோதனை மறுமொழிக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்பார்.

"எப்பிடிப் புள்ள?"

இரண்டு வருசமாகச் சேர்த்துவைத்த சொற்கள் உம்மு ஸல்மாவிடம் நிறைய இருக்கின்றன. அவள் ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை.

"தோல் சரி. நிறம் சரி. கூடையை இன்னும் ரெண்டு தரம் உதறியிருக்கலாம். இண்டைக்கு ஏதோ யோசனையில நிண்டிருக்கிறீங்க அக்கா, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கூடச் சிவந்திருக்கு. வீட்டில அண்ணையோட சண்டையோ?"

சண்டைதான். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு மெசினுக்குத் திரும்புவார்.